கடலுக்கு முகமா, முதுகா? சல்லிக் கரையில் எழும்பப்போகும் ஒரு வீட்டுக்காகத் தேடிப் படித்தவை

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் சல்லிக்குப் போயிருந்தோம். எங்களோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் அக்கா ஒருவரின் வீடு அங்கே. அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. வழக்கம்போல அடுத்த கேள்வி வீடு. மாப்பிள்ளை கட்டாரில். பொறுப்பான பிள்ளைதான், அங்கிருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒரு வீட்டுப் படத்தை அனுப்பி, "இதுமாதிரிக் கட்டுவம் மாமி" என்று எழுதியிருந்தார். வெள்ளை நிறம், தட்டையான பிளேட், கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஹோலும் குசினியும் ஒன்று, நடுவில் சுவரில்லை. படத்துக்குப் பின்னால் நீலக் கடல்.

நாங்கள் எல்லோரும் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். அழகான வீடு, பொய் சொல்லக்கூடாது. கடைசியாக அக்காவின் தாயார், நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுபவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "கடலுக்கு வாசல் வைக்காதீங்க புள்ள."

அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் கதைக்கவில்லை. 2004இல் அந்தக் குடும்பம் என்ன இழந்தது என்று ஊருக்குத் தெரியும், இங்கே எழுதத் தேவையில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் வாக்குவாதம். இளசுகள் ஆசைப்படுவதில் என்ன பிழை என்று ஒரு பக்கம், ஆச்சி சொன்னதுதான் சரி என்று இன்னொரு பக்கம். ஆசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், விடை தெரியாவிட்டால் புத்தகம் தேடுவோம். ஐந்து வாரமாகத் தேடினோம். கடலோரத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுவது என்ற ஒரு விசயத்துக்குள் எங்கள் நாட்டிலேயே இவ்வளவு வரலாறு இருக்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை.

முதலில் பழைய ஆட்களின் கணக்கு. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று இந்தக் கரை நெடுக யோசித்துப் பாருங்கள். கடலின் வாயில் நின்றது வாடி மட்டும்தான். வலை வைக்க, மீன் பிரிக்க, இராத்தங்க. கிடுகும் கம்பும். கடல் கொண்டு போனால் ஒரு கிழமையில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குடும்பம் இருக்கும் வீடு அதற்குப் பின்னால், மணல் மேடு தாண்டி, தாழையும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் தாண்டி, தென்னைக்குள். அம்மன் கோயில் கடலைப் பார்த்து நிற்கலாம், அம்மனுக்குக் கடல் பயமில்லை. மனிசர் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தார்கள்.

காற்றுக்கும் கணக்கு இருந்தது. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, மழையையும் உப்பையும் கொண்டு வரும். மே மாதம் தொடங்கினால் தரைப்பக்கமிருந்து கச்சான், உடம்பை உலர்த்தும் சூடு. வீட்டுக் கூரையைத் தாழ இறக்கியது, விறாந்தையை ஆழமாக வைத்தது, அடுப்படியைப் பிரித்து வைத்தது எல்லாம் இந்த இரண்டு காற்றுக்கும் சொன்ன பதில்தான். கடலைப் பார்த்து உட்கார்ந்து ரசிப்பதற்காக எங்கள் ஆட்கள் வீடு கட்டியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கடல் வேலை செய்யும் இடம். கந்தோரில் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்தும் கந்தோரைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுவாரா? கடலைக் காட்சியாகப் பார்க்கும் பழக்கம் வெள்ளைக்காரரின் பங்களாக்களோடும், பிறகு உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களோடும்தான் எங்கள் கரைக்கு வந்தது.

அப்படியானால் மாப்பிள்ளை அனுப்பிய அந்தப் படத்தின் வேர் எங்கே? இதைத் தேடும்போதுதான் ஜெப்ரி பாவா என்ற பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. கோட்டே நாடாளுமன்றத்தையும் கந்தளாம ஹோட்டலையும் வடிவமைத்தவர் என்று பலருக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாதது, அவருடைய தந்தை வழி முஸ்லிம் வழி என்பது. தந்தை கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் பறங்கியர். 1919இல் பிறந்த பாவா தானும் முதலில் வழக்கறிஞராகத்தான் இருந்தார். வீடும் தோட்டமும் பைத்தியமாகப் பிடித்து, இலண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்துத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. (பிந்திவிட்டது என்று சொல்லும் எங்கள் உயர்தர மாணவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.) 2001இல் அவருக்கு ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது கிடைத்தது. அவருக்கு முன் அதைப் பெற்றவர்கள் இரண்டே பேர், எகிப்தின் ஹசன் பத்ஹியும் ஈராக்கின் ரிபஅத் சாதிர்ஜியும்.

பாவா 1960க்கும் 1962க்கும் இடையில் கொழும்பில் ஏனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்கு ஒரு குடும்ப வீடு கட்டினார். இலங்கையின் நவீன வீடு என்று இன்று நாங்கள் சொல்வதில் பாதி அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் இறக்குவது கஷ்டம். ஆகவே ஓடு, மரம், கருங்கல் என்று கையில் உள்ளதை வைத்து, வெளியே மதிலால் மூடி, நடுவில் முற்றம் திறந்து, முற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே போனால் வெளிச்சமும் காற்றும். எங்கள் உம்மாவின் உம்மா இருந்த வீட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. 2022இல் சீமெந்துப் பை விலை போன போக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடு இன்னும் நன்றாக விளங்கும். அந்த வீட்டைப் பின்னாளில் கல் கல்லாகக் கழற்றி, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடி வீட்டு ஆசைக்கு நேரடிச் சொந்தம் இன்னொன்று. 1997–98இல் மிரிஸ்ஸவில், வெலிகம குடாவைப் பார்த்த ஒரு செம்மண் குன்றின் மேல், ஜே.ஆர். ஜயவர்தனவின் பேரனுக்காகப் பாவா கட்டிய வீடு. மெல்லிய இரும்புத் தூண்கள் மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். இருக்கும் இடத்துக்குச் சுவரே கிடையாது. கூரைக்குக் கீழே நின்றால் கடல், வானம். படுக்கையறைகள் கீழே மறைவில். அதே 1998இல் பாவா பாரிசவாதத்தில் விழுந்தார். உலகம் முழுக்கக் கட்டடக்கலைப் புத்தகங்களில் வரும் வீடு அது. இன்று இன்ஸ்டகிராமில் ஓடும் "கடலோர வீடு" படங்களில் முக்கால்வாசியும் அதன் பேரன், பூட்டன் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

ஆனால் இரண்டு வித்தியாசம். அந்த வீடு நிற்பது குன்றின் உச்சியில், சல்லி இருப்பது கடல் மட்டத்தோடு மட்டமாக. அடுத்தது, அங்கே கண்ணாடிச் சுவர் இல்லை, சுவரே இல்லை, காற்று போய்வருகிறது. அதைப் பார்த்துக் கொப்பி அடித்தவர்கள் திறந்த இடத்தில் கண்ணாடியை மாட்டி, உள்ளே ஏசியைப் போட்டார்கள். எங்கள் கரை கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடலிலிருந்து நேரே அந்தக் கண்ணாடிக்குள் இறங்கும். பத்து மணிக்குள் ஹோல் போறணையாகிவிடும். மின்சாரக் கட்டணம் கட்டப்போவது யார்?

உப்பைப் பற்றியும் கொஞ்சம். இது சரித்திரமில்லை, விஞ்ஞான பாடம், ஆனால் காசு போகும் விசயம். கடற்காற்றில் வரும் உப்பு கொங்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறி, கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் வீங்கும், துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம் பிளேட்டை உள்ளிருந்து உடைக்கும். கடற்கரைப் பக்கத்துப் பழைய பிளேட்டுகளுக்குக் கீழே சீமெந்து பொரிந்து கம்பி எலும்புமாதிரித் தெரிவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மேசன் பாஸ்மாரிடம் கேட்டால் கம்பிக்குக் கீழே ஒரு அங்குலம் சீமெந்து விட்டால் போதும் என்பார்கள். கடற்கரையில் இரண்டு அங்குலம் வரை வேண்டும் என்கிறது பொறியியல். கடல் மணலைக் கழுவாமல் கலந்தால் உப்பை நாங்களே உள்ளே வைத்துப் பூசுகிறோம். தட்டைப் பிளேட் கூரையில் மாரி மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் என்பது வேறு கதை. சரிந்த ஓட்டுக் கூரையை எங்கள் மூத்தவர்கள் வசதியில்லாமல் போட்டதாக நினைக்கவேண்டாம்.

சரி, ஆச்சியின் பயத்துக்கு வருவோம்.

இந்தக் கரைக்கு அடி புதிதல்ல. 1964 டிசம்பரில் வந்த புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல், திருகோணமலைப் பக்கமாகவும் ஏறித்தான் போனது. 2000 டிசம்பர் 26இல் ஒரு சூறாவளி. சரியாக நான்கு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள், காலை ஒன்பதை அண்டி சுனாமி. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. சுனாமியில் நாடு முழுக்க 30,000க்கும் மேல் உயிர்கள். கிண்ணியா ஆஸ்பத்திரி பட்ட பாடு எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது.

அதன் பிறகு வந்தது அந்தக் கோடு. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஏன் எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு என்று யாரும் விளங்கப்படுத்தவில்லை. ஹோட்டலுக்கு ஒரு சட்டம், மீன்பிடிக்கிறவனுக்கு ஒரு சட்டமா என்ற கேள்வி கரை முழுக்கக் கேட்டது. தோணியும் வலையும் கரையில், ஆள் உள்ளே தூரத்தில் என்றால் தொழில் எப்படி நடக்கும்? பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள். ஆனால் கோடு வரையும் வேலை சுனாமியோடு தொடங்கியதல்ல. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். இன்றும் அதுதான் சட்டம். பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ணினால் போதும் என்று நினைத்து வாணம் வெட்டிவிட்டு அலைந்தவர்களை எங்களுக்குத் தெரியும். முதலில் கரையோரம் பேணல் திணைக்களம், பிறகு மேசன்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைப் பற்றித் தேடும்போது இரண்டு வீடுகள் எங்களைப் பிடித்துக்கொண்டன. இரண்டும் தெற்குப் பக்கம்.

ஒன்று பலப்பிட்டியவில் 2005இல் கட்டிய மாதிரி வீடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ ராட்டி என்பவரின் குழு, ஹார்வர்ட் ஆட்களோடு சேர்ந்து வரைந்தது. அவர்கள் சுனாமியில் எந்தச் சுவர் விழுந்தது, எது நின்றது என்று பார்த்தார்கள். கடலுக்கு நெஞ்சைக் காட்டி நின்ற நீளச் சுவர்கள் விழுந்தன. கடலுக்குப் பக்கவாட்டில், தண்ணீர் வழிந்து போகிற திசையில் நின்ற சுவர்கள் தப்பின. ஆகவே நான்கு பக்கமும் அடைத்த பெட்டிக்குப் பதிலாக, 'ப' எழுத்து மாதிரி மூன்று பக்கமும் மடிந்த நான்கு உறுதியான கட்டைச் சுவர்களை மட்டும் நிறுத்தி, நடுவில் மூங்கில் தட்டி போன்ற இலேசான அடைப்புகளை வைத்தார்கள். அலை வந்தால் தட்டி போகும், தண்ணீர் ஊடே போகும், சுவரும் கூரையும் நிற்கும். தடுத்து நிற்கிற வீடல்ல, வழி விடுகிற வீடு.

மற்றது கிரிந்த. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், திஸ்ஸமகாராமவுக்குப் பக்கத்தில், முஸ்லிம் மீனவர் ஊர், மலாய்க் குடும்பங்களும் உண்டு. அங்கேயும் ஒரு பாறை, பாறை மேல் ஒரு விகாரை, கீழே தோணிகள். சல்லியைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது.

அங்கே வந்தவர் ஷிகேரு பான், யப்பானியர். 1995இல் கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குத் தடித்த காகிதக் குழாய்களால் சுவர் வைத்து, பியர்ப் பெட்டிகளில் மணல் நிரப்பி அத்திவாரம் போட்டு வீடு கட்டியவர். 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் போய் வேலை செய்தவர். 2014இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் கிரிந்தவில் அவர் காகிதக் குழாயை இறக்கவில்லை. ஊராரோடு இருந்து கதைத்தார். மண்ணை அழுத்திச் செய்த கற்களை எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் கல், பிள்ளைகள் விளையாடும் லெகோ மாதிரி, பெரிய கைதேர்ந்த மேசன் இல்லாமலே அடுக்கலாம். கதவுகள், தடுப்புகளுக்கு எங்கள் நாட்டு இறப்பர் மரம். பால் வற்றிய மரத்தை விறகென்று தள்ளிவிடும் ஊரில் அது பெரிய விசயம். கூலி ஊருக்குள்ளேயே சுற்றியது.

நாங்கள் மூன்று நாள் கதைத்தது அந்த வீட்டின் நடுப்பகுதியைப் பற்றி. அரசாங்கத்தின் விதி, குசினியும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது. ஊராரின் கோரிக்கை, அவை ஹோலிலும் அறைகளிலும் இருந்து தள்ளி வேண்டும் என்பது. பான் என்ன செய்தாரென்றால், ஒரு பக்கம் ஹோலும் இரண்டு அறையும், மறு பக்கம் குசினியும் குளியலறையும், இரண்டுக்கும் நடுவில் கூரை போட்ட முற்றம். மேலே ஒரே கூரை, ஆகவே உள்ளே. நடுவில் திறந்த வெளி, ஆகவே தள்ளி. இரண்டு பேரும் கேட்டது இரண்டு பேருக்கும் கிடைத்தது.

அந்த முற்றம் இன்னொரு வேலையும் செய்தது. சாதாரண நாளில் வீட்டார் எல்லோரும் இருப்பது அங்கேதான். நிழல், காற்று, வலை பின்னவும் இடம், பிள்ளைகள் படிக்கவும் இடம். அந்நிய ஆண்கள் வந்தால் நடுவில் மறைத்துவிட்டு, பெண்கள் உள்ளே தங்கள் பாட்டில் நடமாடலாம். வீட்டுக்கு ஆள் வந்தால் அறைக்குள் அடைந்து, தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கவும் குசினிக்குப் போக வழியில்லாமல் இருந்த அனுபவம் எங்கள் சமூகத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. நவீனம் என்று ஹோலையும் குசினியையும் ஒன்றாக்கிய வீடுகளில் எங்கள் சகோதரிகள் படும் பாட்டை நாங்கள் பார்க்கிறோம். கட்டி ஆறு மாதத்தில் நடுவே திரைச்சீலை தொங்கும். அந்தத் திரையை முதலிலேயே வரைபடத்தில் யோசித்தவர் ஒரு யப்பானியர் என்பது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வீடுகள் 2013 ஆகா கான் விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போயின.

கேட்டுக் கட்டியதன் அருமை விளங்க, கேட்காமல் கட்டியதையும் பார்க்கவேண்டும். ஹசன் பத்ஹி பெரிய மேதை. 1940களில் எகிப்தின் லக்சருக்கு எதிரே புதிய குர்னா என்ற ஊரையே மண்ணால் அழகாகக் கட்டினார். பழைய குர்னாச் சனங்கள் போக மறுத்துவிட்டார்கள். அவர்களின் பிழைப்பு பழைய ஊரோடு இருந்தது, அதோடு குவிமாடம் போட்ட வீடு அவர்களுக்குக் கப்றைத்தான் நினைவுபடுத்தியது. எங்கள் பக்கத்து உதாரணம் வேறு மாதிரி. கலாசாலையில் படித்த காலத்தில் அக்கரைப்பற்று நுரைச்சோலையைக் கடந்து போயிருக்கிறோம். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் கட்டிய 500 வீடுகள். யாருக்கு எந்த விகிதத்தில் கொடுப்பது என்ற வழக்கு 2008இல் உச்ச நீதிமன்றம் வரை போய், வருடக்கணக்காக ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. அதில் வரைபடத்தின் பிழை ஒன்றுமில்லை. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

இப்போது யாரும் பிளானில் எழுதாத விசயம் ஒன்று. வீடு யாருடையது?

கிழக்குக் கரையில், தமிழரானாலும் முஸ்லிமானாலும், வீடு பெண்பிள்ளையோடு போவது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து வந்து இதைப் படித்தார். அவரும் பற்றீசியா லோறன்ஸும் சேர்ந்து சுனாமி வீடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சனங்கள் சுனாமி வீட்டையும் மகளின் சீதனமாகத்தான் கணக்குப் போட்டார்கள் என்பது அதன் சாரம். சீதனத்தைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டு வாங்குவது தப்பு, அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதன் பேரில் தகப்பன்மாரும் காக்காமாரும் மத்திய கிழக்கில் தேய்ந்தது உண்மை. ஆனால் அதன் மறுபக்கமாக, எங்கள் உம்மாமாருக்குத் தங்கள் பெயரில் ஒரு உறுதி இருந்தது. கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டியவர் அவரல்ல.

சுனாமிக்குப் பிறகு உதவிப் பணம் வந்தது. முழுதாக அழிந்த வீட்டைத் தானே கட்டுபவருக்கு 2,50,000 ரூபா, பகுதியாக அழிந்தால் 1,00,000 ரூபா, கட்டம் கட்டமாக. படிவத்தில் இருந்த சொல் "குடும்பத் தலைவர்". தலைவர் என்றால் ஆண் என்று எழுதிக்கொண்டார்கள். தாயின் பெயரில் இருந்த வளவை விட்டுத் தள்ளிப் போன இடத்தில் பல வீடுகள் தகப்பன் பெயரில், கணவன் பெயரில் எழும்பின. அலை கொண்டு போன சொத்துகளில் இதுவும் ஒன்று, ஆனால் இழப்புப் பட்டியலில் வரவில்லை. அனுமதிப்பத்திரக் காணியின் கதை இன்னும் மோசம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உரிமை இறங்கும் வரிசையில் ஆண் மக்களை முன்னுக்கு வைத்திருந்தது. அதைத் திருத்த 2022 வரை போனது.

சல்லி வளவுக்குத் திரும்புவோம். அது 20 பேர்ச். மாப்பிள்ளையின் படத்தை அதில் வைத்துப் பார்த்தால் வீடும் கார் நிறுத்தும் இடமும் வளவை விழுங்கிவிடும். எங்கள் முறையில் ஒரு வீடு தனியாக நிற்பதில்லை. மகள் பெரிய வீட்டில், தாயும் தகப்பனும் பின்னால் ஒரு சின்ன வீட்டில், நாளைக்கு இளையவளுக்கு இன்னொன்று. கிணறு எல்லோருக்கும் ஒன்று. மணல் தரை, நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மலசலகூடக் குழியை ஐம்பது அடியாவது தள்ளாவிட்டால் குடிப்பது எதுவென்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவையும் வைத்துவிட்டுத்தான் மிச்ச இடத்தில் வீடு.

போன ஞாயிறு திரும்பப் போனோம். கொப்பித் தாளில் பென்சிலால் கீறி, வரைபடம் கீறும் தம்பியிடம் கொடுக்க ஒன்றைத் தயாரித்தோம். வீட்டை நீளமாக, கிழக்கு மேற்காகப் படுக்க வைத்தோம். குறுகிய பக்கம் மட்டும் கடலுக்கு. பலப்பிட்டி ஆட்கள் சொன்னபடி நீளச் சுவர்கள் தண்ணீர் வழியும் திசையில். இதையே வெயிலுக்காகவும் சொல்கிறார்கள் என்று பிறகுதான் கவனித்தோம். காலை வெயிலும் பின்னேர வெயிலும் விழுவது குறுகிய சுவர்களில்தானே. முகமும் இல்லை, முதுகும் இல்லை, விலாவைக் காட்டிப் படுத்திருக்கிற வீடு. வாசல் தெற்கே, ஒழுங்கைப் பக்கம். நடுவில் கிரிந்தவைப் பார்த்து ஒரு கூரை முற்றம், அதற்கு அப்பால் குசினி. குசினிக்கு வெளியே விறகடுப்புக்கு ஒரு தாழ்வாரம், காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற 2022ஐ யாரும் மறக்கவில்லை. அத்திவாரம் உயரமாக. ஓட்டுக் கூரை. கடல் பக்கம் இருக்கும் தாழையை வெட்டக்கூடாது என்று அக்காவின் கணவர் தானாகவே சொன்னார். பின்பக்கம் சின்ன வீட்டுக்கு இடம் விட்டாயிற்று. உறுதி மகளின் பெயரில்தான் என்று அக்கா சொன்னபோது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பேர் பேரிலயும் போடலாம்தானே" என்றாள். அந்த விவாதம் முடியவில்லை, முடிக்க நாங்கள் யார்?

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் அறை எது என்று மட்டும் கேட்டார். பெரிய வீட்டின் கிழக்கு முனை அறையைக் காட்டினோம், வேண்டாமென்றால் மாற்றலாம் என்றும் சொன்னோம். "வாசல் வேணாம். ஆனா ஒரு யன்னல் வையுங்க. படுத்துக்கிடந்தா தெரியிற மட்டத்தில" என்றார். ஏன் ஆச்சி என்று கேட்டதற்கு, "அது என்ன செய்யுதெண்டு நான் பார்க்கவேணும்தானே" என்றார்.

கடல் பக்கச் சுவரில் ஒரு யன்னல் கீறினோம். இரும்புக் கம்பி வேண்டாம், உப்பில் நிற்காது, மரச்சட்டம்தான்.

தாளைப் படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்பியாயிற்று. நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.